ரோட்வைலரா, டாபர்மேனா, அல்சேஷனா? நாயைப் பார்க்கும் முன் நம் வீட்டைப் பார்ப்போம்

தாமானில் இரண்டு வீட்டில் திருட்டு நடந்தால் போதும். அந்த வாரமே "ஒரு நல்ல நாய் வாங்க வேண்டும்" என்ற பேச்சு கிளம்பிவிடும். நல்ல நாய் என்றால் நம்மவர்கள் பலருக்கு முரட்டு நாய் என்று பொருள். ஒருவர் ரோட்வைலர் என்பார், இன்னொருவர் டாபர்மேன் என்பார், வீட்டுப் பெரியவர் "அந்தக் காலத்தில் தோட்டத்துத் துரை வீட்டில் இருந்ததே, அந்த அல்சேஷன்தான் சரி" என்பார். வீட்டில் இளைஞர் இருந்தால் கைத்தொலைபேசியில் பிட்புல் படத்தைக் காட்டுவார்.

இந்த நான்கில் எது சிறந்தது என்று கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல. காரணம், கேள்வி நாயைப் பற்றியதாக இருந்தாலும் பதில் பெரும்பாலும் வீட்டைப் பற்றியது. வீட்டின் அளவு, வேலியின் உறுதி, தினமும் நாயோடு செலவிட ஆள் இருக்கிறாரா, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பவைதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். இவற்றைப் பார்க்காமல் வாங்கினால் காவலுக்கு வந்த நாயே குடும்பத்தை நீதிமன்றப் படியேற வைத்துவிடலாம். அதைவிடக் கொடுமை, வீட்டுப் பிள்ளையே கடிபடலாம்.

முரட்டுப் பெயர் எங்கிருந்து வந்தது?

நாம் முரட்டு நாய் என்று சொல்லும் மூன்று இனங்களும் ஜெர்மனியில் வேலைக்காக உருவாக்கப்பட்டவை. ரோட்வைல் என்ற ஊரில் கசாப்புக்காரர்களும் மாட்டு வியாபாரிகளும் வைத்திருந்த நாய்தான் ரோட்வைலர். மாட்டை ஓட்டும், வண்டி இழுக்கும், முதலாளியின் பணத்தைக் காக்கும். டாபர்மேன், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்போல்டா நகரத்தில் வரி வசூலித்த கார்ல் ஃபிரெட்ரிக் லூயி டாபர்மேன் என்பவரின் பெயரைத் தாங்கியது. பணப்பையோடு ஊர் ஊராகச் செல்லும் மனிதருக்குத் துணை வேண்டியிருந்தது. ஜெர்மன் ஷெப்பர்ட் ஆடு மேய்த்த நாய்களிலிருந்து 1899இல் தனி இனமாக நிலைபெற்றது. முதல் உலகப் போருக்குப் பின் 'ஜெர்மன்' என்ற சொல்லை வெறுத்த பிரிட்டிஷார் அதற்கு அல்சேஷன் என்று பெயர் மாற்றினார்கள். நம் தோட்டப்புறங்களுக்கு அந்தப் பெயர்தான் வந்து சேர்ந்தது, இன்னும் நிற்கிறது.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மனிதனோடு நாள் முழுதும் வேலை செய்யப் பிறந்தவை அவை. கட்டளை கேட்க, ஓட, யோசிக்கப் பழகிய நாய்கள். அவற்றைச் சங்கிலியில் கட்டி, ஒரு தட்டு சோறு வைத்துவிட்டு நாள் முழுதும் தனியே விட்டால் வேலையில்லாத அந்தச் சுறுசுறுப்பு வேறு வழியில் வெளியே வரும். ஓயாமல் குரைக்கும், கதவைக் கடிக்கும், போகிற வருகிற எல்லோர் மீதும் பாயும். "இந்த நாய் குணமே இப்படி" என்று நாம் முடிவு கட்டுகிறோம். பல நேரங்களில் அந்தக் குணம் நாம் கொடுத்த வாழ்க்கையின் விளைவு.

பிட்புல்லின் கதை வேறு. இங்கிலாந்தில் காளையோடு மோதவிடப்பட்ட புல்டாக் நாய்களையும் டெரியர் நாய்களையும் கலந்து வந்த வழி அது. 1835இல் அங்கே காளைச் சண்டை தடை செய்யப்பட்ட பிறகு நாய்ச் சண்டைக்கு இந்த வழியைப் பயன்படுத்தினார்கள். அதனால்தான் உலகின் பல நாடுகளில் சட்டத்தின் கண் முதலில் இதன் மீது விழுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் இது பலருக்குத் தெரியாத பகுதி. கால்நடைச் சேவைத் துறை நாய் இனங்களை இரண்டு பட்டியலாகப் பிரித்திருக்கிறது. பிட்புல் வகைகள், அமெரிக்கன் புல்டாக், ஜப்பானிய தோசா, அகிதா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ, நியாபொலிட்டன் மாஸ்டிஃப் ஆகியவை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை செய்யப்பட்டவை. ரோட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டும் அதன் உறவு இனங்களும், புல் டெரியர், புல் மாஸ்டிஃப் போன்றவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஆக, நாம் தயங்காமல் பட்டியல் போடும் மூன்று நாய்களும் அரசின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. பிட்புல்லோ முற்றிலும் தடைப் பட்டியலில் இருக்கிறது.

2012இல் சுபாங் ஜெயாவில் வயது முதிர்ந்த ஒருவர் பிட்புல் நாய் தாக்கி உயிரிழந்த சம்பவம் நாட்டையே உலுக்கியது. அது நினைவிருக்கும் எவரும் இந்தப் பட்டியலை வெறும் காகிதச் சட்டம் என்று ஒதுக்க மாட்டார்கள்.

அடுத்தது உரிமம். நாய் உரிமம் வழங்குவது ஊராட்சி மன்றங்களின் பொறுப்பு. விதிகள் மன்றத்துக்கு மன்றம் மாறும். பல இடங்களில் வரிசை வீட்டுக்கு ஒரு நாய், தனி வீட்டுக்குச் சற்றுக் கூடுதல் என்று எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருக்கிறது. அடுக்குமாடி வீடுகளில் பெரிய நாய்க்கு இடமே இருக்காது. எந்த இனத்துக்கு உரிமம் இல்லை என்பதும் அதே விதிகளில் எழுதப்பட்டிருக்கும். உரிமக் கட்டணம் பெரிய தொகை இல்லை. ஆனால் உரிமம் இல்லாத நாய் வழக்கு என்று வரும்போது உரிமையாளரின் கையைக் கட்டிப்போடும்.

நாய் யாரையாவது கடித்துவிட்டால் "நாய்தானே, அதற்கு என்ன தெரியும்" என்ற வாதம் எடுபடாது. தண்டனைச் சட்டத்தின் 289ஆவது பிரிவு, தன் வசம் உள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறியவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. கடிபட்டவர் நஷ்டஈடு கேட்டு தனியாக வழக்குப் போடவும் முடியும். அந்தத் தொகைக்கு 2,000 ரிங்கிட் என்ற வரம்பு கிடையாது.

மறுபக்கமும் உண்டு. நாயைக் கொடுமைப்படுத்தினால் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் கீழ் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். "முரட்டுத்தனம் ஏற வேண்டும்" என்று நாயை அடித்தும் பட்டினி போட்டும் வளர்க்கும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அது நாயைக் காவல்காரனாக்காது. பயந்த நாயாக்கும். பயந்த நாய்தான் எச்சரிக்காமல் கடிக்கும்.

சிங்கப்பூரில் உறவினர் வைத்திருக்கிறார்களே என்று ஒப்பிடுபவர்களும் உண்டு. அங்கே விதி இன்னும் இறுக்கம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் ரோட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடமில்லை. தனியார் தரை வீட்டில் வைத்திருப்பவரும் நாய்க்குக் கருத்தடை செய்து, நுண்சில்லு பொருத்தி, 100,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுத்து, பொது இடத்தில் வாய்க்கூடும் கயிறும் போட்டுத்தான் அழைத்துச் செல்ல வேண்டும். உரிமையாளர் மீது பொறுப்பைச் சுமத்தும் முறை இது.

இனத்தைத் தடை செய்தால் கடி குறையுமா?

இந்தக் கேள்விக்கு உலகம் இன்னும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. பிரிட்டன் 1991இல் பிட்புல் உட்பட நான்கு இனங்களைத் தடை செய்தது. ஆனாலும் நாய் தாக்கி இறப்பவர்கள் இல்லாமல் போகவில்லை. எக்ஸ்எல் புல்லி என்ற புதிய வகை பரவியது. 2023 டிசம்பர் 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதை விற்பதும் இனப்பெருக்கம் செய்வதும் தடையாயின. 2024 பிப்ரவரி 1 முதல் விதிவிலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றமானது. நெதர்லாந்து 1993இல் பிட்புல்லைத் தடை செய்து, எதிர்பார்த்த பலன் இல்லை என்று 2008இல் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது.

2022இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்று 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் உரிமையாளர்கள் தந்த பதில்களை அலசியது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 விழுக்காடுதான் என்று அது சொன்னது. எளிதில் சீண்டப்படும் தன்மையை இனத்தை வைத்துக் கணிப்பது மிகக் கடினம் என்றும் கண்டது.

இதை வைத்து "அப்படியானால் எந்த நாயும் ஒன்றுதான்" என்று முடிவுக்கு வருவதும் தவறு. ஒரு சிறிய பொமரேனியன் கோபப்பட்டால் காலில் கீறல் விழும். 50 கிலோ ரோட்வைலர் கோபப்பட்டால் உயிர் போகும். கடிக்கும் வாய்ப்பை இனம் உறுதியாகச் சொல்லாது. கடித்தால் என்ன ஆகும் என்பதை உடல் எடையும் தாடை வலுவும் சொல்லிவிடும். சட்டம் பார்ப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைத்தான். நாமும் அதையே முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றில் எது யாருக்கு?

சட்டம் அனுமதிக்கும் இடத்தில், இடமும் நேரமும் உள்ளவர் தேர்ந்தெடுக்க நினைத்தால் சில வேறுபாடுகளை அறிந்திருப்பது நல்லது.

ரோட்வைலர் கடா நாய் 50 கிலோவை எட்டும். பெட்டை 40 கிலோவைத் தாண்டும். அமைதியாக நிற்கும், வீட்டாரிடம் ஒட்டிக்கொள்ளும், ஆனால் முடிவெடுத்தால் ஒரு பெண்ணோ வயதானவரோ கயிற்றைப் பிடித்து நிறுத்த முடியாது. தடித்த கருப்பு உடலுக்கு நம் வெயில் பெரிய சோதனை. எலும்புப் புற்றும் இடுப்பு மூட்டுக் கோளாறும் இந்த இனத்தில் அதிகம். ஆயுளும் 9, 10 ஆண்டு அளவில்தான்.

டாபர்மேன் 40 கிலோ அளவில் இருக்கும், மெலிந்த உடல், குட்டை முடி. ஆகவே வெயிலைச் சற்றுத் தாங்கும். ஆனால் மூன்றிலும் அதிக ஓட்டம் கேட்பது இதுதான். தனிமையைத் தாங்காது, வீட்டுக்குள் மனிதர்களோடு இருக்கவே விரும்பும். இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய் இந்த இனத்தின் பெரிய சாபம். நேற்றுவரை ஓடிய நாய் திடீரென்று விழுந்து இறக்கக்கூடும். கூர்மையாக நிமிர்ந்து நிற்கும் காது பிறவியில் வருவதல்ல, வெட்டிச் செய்வது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அல்சேஷன் 30 முதல் 40 கிலோ. விரைவில் கற்றுக்கொள்ளும், புதிதாக நாய் வளர்ப்பவருக்கு மூன்றிலும் சற்று எளிது என்று சொல்லலாம். ஆனால் இரட்டை அடுக்கு முடி நம் தட்பவெப்பத்துக்குச் சுமை. தோல் நோயும் உண்ணியும் எளிதில் பற்றும். இடுப்பு மூட்டுக் கோளாறும், முதுமையில் பின்னங்கால் செயலிழக்கும் நோயும் பரவலாக உண்டு.

மூன்றுக்கும் நெஞ்சுக்கூடு ஆழமானது. வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும். நள்ளிரவில் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வாகனமும் பணமும் வேண்டும். சாப்பாட்டுக் கணக்கும் இருக்கிறது. 40 கிலோ நாய் ஒரு நாளைக்கு அரை கிலோ அளவு உலர் உணவு உண்டால் மாதம் 15 கிலோ மூட்டை ஒன்று தேவை. அதோடு தடுப்பூசி, உண்ணி மருந்து, கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கு மாத மருந்து. குட்டியின் விலையைப் பேரம் பேசி வாங்குகிறோம். அதன் பிறகு 10 ஆண்டுச் செலவை யாரும் கணக்குப் போடுவதில்லை.

தாமான் வீடும் தோட்ட வீடும்

தோட்டத்தில் நாய் வளர்த்த பழக்கத்தை அப்படியே தாமானுக்குக் கொண்டுவந்ததுதான் நம்மவர் பலரின் சிக்கல். லயத்தில் இருந்தபோது நாய் அவிழ்த்து விடப்பட்டிருக்கும். மரக்காட்டுக்குப் போகும், வரும், ஊரில் எல்லோரையும் அதற்குத் தெரியும். அதற்கு இனம் கிடையாது, எடை 15, 20 கிலோ. அப்படி வளர்ந்த நாய்க்கு அந்நியர் யார், நம்மவர் யார் என்று தானாகவே புரிந்தது.

இருபது அடி அகல வரிசை வீட்டில் நிலைமை வேறு. நாய்க்குக் கிடைப்பது கார் நிறுத்தும் இடம் மட்டும். அது பார்ப்பது கதவுக் கம்பிக்கு வெளியே ஓடும் மோட்டார் சைக்கிள்களை மட்டும். தினம் நூறு பேரைப் பார்த்துக் குரைத்து, ஒருவரையும் அருகில் பார்க்காத நாய் எல்லோரையும் எதிரியாக நினைக்கப் பழகிவிடும். ஒரு நாள் யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல் போவார்கள். அந்த ஒரு நாள் போதும்.

அண்டை வீட்டாரையும் மறக்கக் கூடாது. நம் தாமான்களில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று அடுத்தடுத்து வாழ்கிறோம். நாயின் எச்சில் பட்டால் முஸ்லிம் அண்டை வீட்டார் சமயமுறைப்படி தூய்மை செய்ய வேண்டியிருக்கிறது. அவர்கள் வாசலில் நம் நாய் அசுத்தம் செய்தால் அது சின்ன விஷயமாக இருக்காது. வாங்கும் முன் இரு பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்வது மரியாதை மட்டுமல்ல, பின்னால் வரும் புகாரைத் தவிர்க்கும் வழியும் கூட.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிள்ளைகள். நாய்க்கடியில் அதிகம் பாதிக்கப்படுவது சிறுவர்கள் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் தொடர்ந்து சொல்கிறது. அவர்களின் உயரத்துக்குக் கடி முகத்திலும் கழுத்திலும் விழும். பெரும்பாலும் கடிப்பது தெரியாத தெருநாய் அல்ல, தெரிந்த நாய்தான். சாப்பிடும் தட்டில் கைவைக்கும்போது, தூங்கும்போது மேலே விழும்போது நடக்கும் கடி அது. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சின்னப் பிள்ளையையும் பெரிய நாயையும் தனியே விடக் கூடாது.

திருடனைத் தடுப்பது பல்லா, குரலா?

இப்போது முதல் காரணத்துக்கு வருவோம். நாம் நாய் தேடியது திருட்டுப் பயத்தால். வீட்டில் ஆள் விழித்துக்கொள்வதும் அக்கம் பக்கம் கவனிப்பதும்தான் திருடனுக்குச் சங்கடம். அந்த வேலையைக் குரைப்பே செய்துவிடும். குரைக்க 50 கிலோ தேவையில்லை. நம்மூர்க் கலப்பு நாய் நம் வெயிலுக்குப் பழகியது, மேற்சொன்ன இனங்களின் பரம்பரை நோய்கள் குறைவு, உணவுச் செலவும் குறைவு, கூரிய காது. காப்பகங்களில் வீடு தேடிக் காத்திருக்கும் நாய்களில் இவையே அதிகம். நல்ல பூட்டு, வெளிச்சமான வாசல், வேலியருகில் குரைக்கும் ஒரு கலப்பு நாய், பேசிப் பழகிய அண்டை வீட்டார். வரிசை வீட்டுக் குடும்பத்துக்கு இவை போதும்.

பெருமைக்காக வாங்குவது தனிக் கதை. கழுத்தில் தடித்த சங்கிலியோடு ஒரு பெரிய நாயைப் பிடித்து நடப்பதில் சில இளைஞர்களுக்கு ஒரு கௌரவம். அந்தக் கௌரவம் ஒன்றரை வயதில் முடிந்துவிடுகிறது. நாய் முழு வளர்ச்சி அடைந்து, கட்டுப்படுத்த முடியாமல் போனதும் கொல்லைப்புறச் சங்கிலிக்குப் போகிறது, அல்லது செம்பனைத் தோட்ட ஓரத்தில் இறக்கிவிடப்படுகிறது. பெருமைக்கு வாங்கியவர் வீட்டில் இருக்கிறார். அந்த ஆபத்தைச் சந்திப்பது அதிகாலையில் வேலைக்குப் போகும் தோட்டத் தொழிலாளி.

வாங்குவதுதான் என்று முடிவானால்

ஊராட்சி மன்றத்தில் முதலில் கேளுங்கள்: இந்த இனத்துக்கு, இந்த முகவரிக்கு உரிமம் உண்டா? பதில் கிடைத்த பிறகே குட்டியைப் பார்க்கப் போங்கள். 8 வாரம் நிறையாத குட்டியை வாங்காதீர்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் மிரண்டு சீறினால் குட்டியின் அழகில் மயங்காமல் திரும்பி வாருங்கள். தாயைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம். "கொஞ்சம் பிட்புல் கலப்பு" என்று விளம்பரம் செய்பவர் சட்டச் சிக்கலையும் சேர்த்து விற்கிறார்.

குட்டியின் 3ஆவது வாரம் முதல் 14ஆவது வாரம் வரை உள்ள காலம்தான் உலகத்தை அது பழகிக்கொள்ளும் காலம். குடை, மோட்டார் சைக்கிள், பிள்ளைகள், தலைக்கவசம் போட்ட மனிதர் எல்லாவற்றையும் அப்போது அமைதியாகக் காட்ட வேண்டும். தடுப்பூசி முடியும்வரை கையில் தூக்கியாவது காட்டலாம். தினம் இரண்டு வேளை நடை, அடிப்படைக் கட்டளைப் பயிற்சி, இனப்பெருக்கத் திட்டம் இல்லையென்றால் கருத்தடை, இரட்டைக் கதவு, வாசலில் எச்சரிக்கைப் பலகை. இவ்வளவுக்கும் வீட்டில் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. 2017 முதல் சரவாக்கில் அது உயிர்களைப் பறித்துவருகிறது. மஞ்சளும் காப்பித் தூளும் அப்பிக்கொண்டு வீட்டில் உட்காரும் காலம் இது அல்ல.

நாயின் பெயர் முரட்டுப் பெயராக இருப்பதால் வீடு பாதுகாப்பாகிவிடாது. வேலி உறுதியாக இருக்கிறதா, நேரம் இருக்கிறதா, பணம் இருக்கிறதா, மன்றம் அனுமதிக்கிறதா என்ற நான்கு கேள்விக்கும் ஆம் என்ற பதில் வந்தால், ரோட்வைலரோ டாபர்மேனோ அல்சேஷனோ நல்ல துணையாக இருக்கும். ஒன்றுக்காவது இல்லை என்றால், அந்த இனத்தை விட்டுவிடுவதுதான் நம் பிள்ளைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் அந்த நாய்க்கும் நாம் செய்யும் நன்மை.